இரக்கம் யார் கணக்கில்?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தெருவில் கூட்டம் போட்டார்கள். அஜெண்டா ஒன்றே ஒன்று. ஒரு சேவலைக் கொல்லலாமா, விட்டுவிடலாமா?

தெரு என்றால், சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்து இரண்டு முறை திரும்பினால் வருகிற தெரு. பாதி பழைய தனி வீடு, பாதி புது அபார்ட்மென்ட். பத்திரிகைக்காரன் என்பதால் ‘சார், நீங்களே சொல்லுங்க’ என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் இது ஒரு சாபம். பால் விலையிலிருந்து பாகிஸ்தான் வரை எதைக் கேட்டாலும் இவனிடம் ஒரு கருத்து இருக்கும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். இருந்தும் தொலைக்கிறது.

சேவல் மூலை வீட்டு ஆயாவுடையது. ஆயா காலையில் வாசலில் இட்லிக் கடை போடுகிறவர். வெள்ளைச் சேவல், சிவப்புக் கொண்டை, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் கேஸ் கட்டு பெரிது. வாட்டர் கேன் பையனின் முழங்கால், சிலிண்டர் போடுகிறவரின் கணுக்கால், ஒருமுறை என் பேன்ட். (அன்றைக்கு நான் ஸ்கூட்டர் சீட் மேல் ஏறி நின்றேன் என்று தெருவில் ஒரு வதந்தி உண்டு. உண்மைதான்.) அதெல்லாம் சிரிப்புக் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. வியாழக்கிழமை காலை, ஸ்கூல் வேனுக்கு ஓடிய நாலு வயசுக் குழந்தையின் முகத்தில் பாய்ந்துவிட்டது. சேவலின் காலில் பின்பக்கம் இருக்கிற முள், கண்ணுக்கு ஒரு விரல்கடை கீழே கன்னத்தைக் கிழித்தது. மூன்று தையல்.

யாரும் சிரிக்கவில்லை. ‘வெட்டி பிரியாணி போடுங்க’ என்றார் ஒருவர். ‘பாவம், வாயில்லா ஜீவன்’ என்றார் இன்னொருவர். ஆயா மட்டும் புராணத்திலிருந்து வாதாடினார்: “முருகன் கொடியில கீறவன் சார் அவன்.”

வாதம் சாதாரணமானதில்லை. வேலால் பிளந்த சூரபத்மன் மயிலும் சேவலுமாக எதிர்த்து வந்தபோது, முருகன் அவற்றைக் கொல்லவில்லை. ஒன்றை வாகனமாக்கினார், இன்னொன்றைக் கொடியில் ஏற்றினார். எதிரிக்கு வேலை போட்டுக் கொடுத்த தீர்ப்பு. குரோம்பேட்டை குமரன் குன்றத்தில் படியேறுகிற எல்லோருக்கும் தெரிந்த கதைதான், அதை இப்படி ஒரு வழக்கில் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வள்ளுவரை இழுத்தேன். ஒருவனின் நல்லதையும் கெட்டதையும் எடை போட்டு, எது மிகுதியோ அதை வைத்து முடிவு செய் என்கிறாரே, ஒரே ஒரு காலை நேரத்தை வைத்து முடிவு செய்யலாமா, இரண்டு வாரம் அவகாசம் கொடுப்போம், பழக்கிப் பார்ப்போம் என்றேன். கை தட்டல் வராத குறை. அப்போது குழந்தையின் அம்மா பேசினார். இரண்டாவது மாடி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர். குரலை உயர்த்தக்கூட இல்லை.

“சார், உங்க பொண்ணு காலேஜுக்குப் போயாச்சு. அதனாலதான் உங்களுக்கு இரக்கம் வருது.”

நான் பி.காம். படித்தவன். இருபத்தைந்து வருஷத்தில் படித்ததெல்லாம் மறந்துபோனாலும் ஒன்று மறக்காது: ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும். அன்றைக்கு நான் செய்தது கள்ளக் கணக்கு. இரக்கத்தின் புண்ணியம் முழுக்க என் பேரில் வரவு. அதற்கான ரிஸ்க் முழுக்க அந்தம்மாவின் பேரில், அதாவது அந்தக் குழந்தையின் கண்ணின் பேரில் பற்று. யோசித்துப் பார்த்தால் ஊரில் நடக்கிற முக்கால்வாசி இரக்கம் இப்படித்தான். தெருநாயைப் பற்றிக் காரில் போகிறவரின் இரக்கம், குடிகாரக் கணவனைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரின் இரக்கம். ‘நல்லவன்தாம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ.’ கோபமும் அதே மாதிரிதான். பிரியாணி போடச் சொன்னவர் அந்தச் சேவலை வளர்த்தவர் இல்லையே.

சரி, இரண்டு வாரமும் சேவலைப் பழக்குகிற வேலை என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். வீம்புதான், வேறென்ன.

முடிச்சூர் பக்கம் ஒரு டூவீலர் மெக்கானிக் எனக்குப் பழக்கம். மூன்று தலைமுறையாகச் சேவல் வளர்க்கிற குடும்பம். ஷெட்டுக்குப் பின்னால் மூங்கில் கூடைக்கு அடியில் அசில் சேவல்கள் வைத்திருக்கிறார். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி வேடிக்கைக்காக விலங்குகளை மோதவிடுவது குற்றம். ஆகவே அவர் சண்டைக்கு விடுகிறாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆயா வீட்டுக்கு வந்தார், அரை மணி நேரம் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து சேவலையே பார்த்தார்.

“கோவம் வந்த சேவல் நேரா மொறைக்காது சார். சைடுல திரும்பும், பாருங்க” என்றார். பார்த்தேன். பக்கவாட்டில் திரும்பி, ஒரு இறக்கையைத் தரையில் உரசவிட்டு, அரைவட்டம் அடித்தது. கழுத்து மயிர் குடை மாதிரி விரிந்தது. நடுவில் திடீரென்று குனிந்து, தரையில் இல்லாத தானியத்தைக் கொத்தியது. பாயலாமா ஓடலாமா என்று முடிவு செய்ய முடியாத நிலையில் சேவல்கள் இப்படிப் பொய்யாகக் கொத்தும் என்று பறவைகளின் நடத்தையை ஆராய்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். நம் மேல் கோபத்தில் இருக்கிற அதிகாரி ஃபைலைப் புரட்டுவாரே, அதே சமாச்சாரம்.

“ரொம்ப வீரமான சேவலோ?” என்று கேட்டேன்.

சிரித்தார். “வீரமா? எங்க அசிலு எதிர்ல ஒரு சேவல் நின்னா செத்தாலும் திரும்பாது. ஆனா எம்பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்பவே மடியில வெச்சுத் தூங்கும். மனுசனைக் கொத்தற சேவலை எங்கப்பா வெச்சுக்கவே மாட்டாரு. இது வீரம் இல்ல சார். இதுக்கு நீங்க யாருன்னு தெரியல. உங்களையும் ஒரு சேவல்னு நெனச்சுக்கிச்சு.”

அதன் பூர்வீகத்தை ஆயாவிடம் விசாரித்தபோது அவர் சொன்னது புரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தாம்பரம் சண்முகம் சாலையில், பேரன் அடம்பிடித்து வாங்கிய கலர்க் குஞ்சு அது. பிங்க் கலர். கூடையில் பச்சையும் மஞ்சளும் பிங்க்குமாகக் கத்திக்கொண்டிருக்குமே, பார்த்திருப்பீர்கள். முட்டைக் கோழிப் பண்ணைக்காகப் பொரிக்கிற குஞ்சுகளில் பாதி சேவல். அது முட்டை போடாது. கறிக்கோழி மாதிரி சதையும் போடாது. அதனால் பொரிந்த அன்றைக்கே பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகிறார்கள். தப்பிப்பதில் கொஞ்சம் சாயத் தொட்டியில் விழுந்து தெருவுக்கு வருகிறது. பேரன் வாங்கியது மூன்று. இரண்டு ஒரே வாரத்தில் போய்விட்டன. மிஞ்சிய ஒன்று செருப்பு டப்பாவில், பேரனின் தோளில், டிவி மேல் என்று தனியாக வளர்ந்தது. தாய்க்கோழி கொத்தி அடக்கவில்லை. கூட வளர்ந்த குஞ்சு எதுவும் முறைத்து ஒதுக்கவில்லை. சாயம் போனது, கொண்டை முளைத்தது, வாலிபம் வந்தது. வந்தபோது மோதிப் பார்க்க எதிரில் நின்றதெல்லாம் மனுஷக் கால்கள்தான்.

பிறகு தெருப் பையன்கள். சாயங்காலம் ஆனால் செருப்பை நீட்டுவார்கள், அது பாயும், உதைப்பார்கள், மறுபடி பாயும். செல்போனில் படம் எடுப்பார்கள். பால்கனியில் நின்று நானும் சிரித்திருக்கிறேன். உதை வாங்கிய சேவல் அடங்குவதில்லையாம். ‘இவன் சண்டைக்கு வர்றான்’ என்று அதற்கு உறுதியாகிவிடுமாம். ஓடினால் இன்னும் மோசம், ‘ஜெயிச்சுட்டோம்’ என்று பதிந்துவிடும். ஆக, உதைத்தவனும் ஓடியவனும் சேர்ந்து இரண்டு வருஷம் டிரெய்னிங் கொடுத்திருக்கிறோம். அந்தக் குழந்தை உதைக்கவே இல்லை என்பதுதான் இதில் கொடுமை.

சேவலின் முரட்டுத்தனம் எங்கே இருக்கிறது என்று ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்தில் அர்னால்ட் பெர்ட்ஹோல்ட் என்பவர் 1849-இல் தேடிப் பார்த்தார். ஆறு சேவல் குஞ்சுகளுக்கு விதை நீக்கினார். வெறுமனே நீக்கப்பட்டவை கூவவில்லை, கொண்டை சிறுத்தது, சண்டைக்குப் போகவில்லை. விதையை வயிற்றுக்குள் வேறு இடத்தில் திரும்ப வைத்துவிட்டவையோ அசல் சேவலாகவே வளர்ந்து கூவின, மோதின. பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாமலே! ரத்தத்தில் ஏதோ கலக்கிறது என்பது தெரிந்தது. ஹார்மோன் என்ற பெயர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய கதை இது. ஒரு சொட்டு ரசாயனம்தான் குணம் என்றால் அப்புறம் யாரைக் குற்றம் சொல்வது என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதே ரசாயனம்தானே மெக்கானிக்கின் அசிலுக்கும் ஓடுகிறது? அது மடியில் தூங்குகிறதே?

தூங்குவதற்கும் காரணம் நாம்தான். சண்டை நடுவில் கையில் தூக்கித் தண்ணீர் காட்ட வேண்டும், காயம் பார்க்க வேண்டும். கையைக் கொத்துகிற சேவலை வைத்துக்கொண்டு அதெல்லாம் நடக்காது. ஆகவே தலைமுறை தலைமுறையாக, மனிதனிடம் சாதுவாகவும் தன் இனத்திடம் கொலைகாரனாகவும் இருப்பதைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார்கள். அதற்கு நாம் வைத்த பெயர் ‘நல்ல ஜாதிச் சேவல்’. நமக்கு எது வசதியோ அதைத்தான் நாம் நல்ல குணம் என்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

சந்தேகம் இருந்தால் ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போங்கள். மதுராந்தகம் பக்கம் இந்தளூர் என்ற ஊர். அங்கே ஒரு சேவலுக்கு நடுகல் இருக்கிறது. கீழ்ச்சேரியின் கோழி, பெயர் பொற்கொற்றி. சுமார் 1,500 வருஷத்துக்கு முந்தைய கல். இன்னும் கொஞ்சம் தள்ளி விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் மேற்சேரிச் சேவல் ஒன்றுக்கும் அப்படியே கல். வீரர்களுக்கு வைப்பது போலக் கல் நட்டு, எழுத்து வெட்டி, உருவமும் செதுக்கியிருக்கிறார்கள். நம் ஊர் கௌரவத்துக்காக இன்னொரு சேவலோடு மோதினால் கல்வெட்டு. நம் கன்னத்தைக் கீறினால் பிரியாணி. செய்தது இரண்டும் ஒன்றுதான், பாய்ந்து காலால் அடித்தது.

ஒன்றுமே செய்யாத சேவலும் மாட்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 1474-இல் ஒரு சேவல் முட்டையிட்டதாகக் குற்றம் சாட்டி, விசாரித்து, முட்டையோடு சேர்த்துக் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். சேவல் முட்டையிலிருந்து விஷப் பிராணி பிறக்கும் என்று பயம். பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்த தோரணையை நினைத்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.

தீர்ப்புச் சொல்கிறவனின் குணம் தீர்ப்பில் கலந்துவிடும் என்பதற்கு நம் சினிமாவிலேயே உதாரணம் உண்டு. 2011-இல் வந்த வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’. இது தேறாது, அறுத்துவிடு என்று பேட்டைக்காரர் ஒதுக்கிய சேவலைத்தான் கருப்பு ரகசியமாக வளர்த்து ஜெயிக்க வைக்கிறான். அதற்குப் பிறகு நடப்பதில் சேவலுக்குப் பங்கே இல்லை. தன் கணிப்பு தவறிப்போனதை ஒரு பெரிய மனுஷனால் தாங்க முடியாமல் போனால் என்னவாகும் என்பதுதான் மிச்சப் படம்.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. பர்டியூ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மியூர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு. கோழிகளைக் கூட்டமாகக் கூண்டில் அடைத்தால் ஒன்றையொன்று கொத்திச் சாகும். அதனால் பண்ணைகளில் மூக்கை வெட்டிவிடுவார்கள். மியூர் தனித்தனியாக நல்ல கோழியைத் தேர்ந்தெடுக்காமல், எந்தக் கூண்டு மொத்தமாக நன்றாக இருக்கிறதோ அந்தக் கூண்டின் பரம்பரையைத் தேர்ந்தெடுத்தார். வருஷத்துக்கு 68 சதவீதமாக இருந்த சாவு, இரண்டே தலைமுறையில் 8.8 சதவீதம் ஆனது. (இன்சென்டிவ் போட்டுத் தனிநபர் டார்கெட் வைக்கிற கம்பெனிகள் இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம். சரி, அது வேறு கட்டுரை.) குணம் என்பது ஒரு கோழிக்குள் மட்டும் இருப்பதில்லை, கூண்டுக்கும் அதில் பங்கு இருக்கிறது. எங்கள் தெரு எந்தக் கூண்டு என்று யோசித்தபோது பால்கனியில் சிரித்த என் முகம்தான் வந்தது.

ஆனால் பாருங்கள், இதையெல்லாம் யோசித்து முடித்தாலும் குழந்தையின் மூன்று தையல் அப்படியேதான் இருக்கிறது. ‘தப்பு சேவல் மேல் இல்லை’ என்று தெரிந்துகொள்வதால் சேவலின் முள் மழுங்கிவிடாது. குற்றம் யாருடையது என்பது ஒரு கேள்வி. நாளைக் காலை ஸ்கூல் வேன் வரும்போது என்ன செய்வது என்பது முற்றிலும் வேறு கேள்வி. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தேன்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு டிரெய்னிங் ஆரம்பம். குழந்தைகள் கிளம்புகிற நேரத்தில் சேவல் கூடைக்கு அடியில், அது முதல் விதி. மெக்கானிக் வந்து முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் ராவிவிட்டார். உள்ளே எலும்பும் ரத்தமும் இருப்பதால் அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. அப்புறம் எனக்கு: தடித்த பேன்ட், ஷூ. உதைக்காதே. ஓடாதே. பின்னால் காலை எடுத்து வைக்காதே. பாய்ந்தால் பாயட்டும், அது நிறுத்துகிற வரை மரம் மாதிரி நில். நிறுத்தியதும் இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள். திமிறும்போது கீழே விடாதே, விட்டால் திமிறினால் ஜெயிக்கலாம் என்று படித்துக்கொள்ளும். உடம்பு தளர்ந்து மூச்சு சீரானதும் மெதுவாக விடு. காலையும் மாலையும் பத்து நிமிஷம்.

முதல் நாள் என் பனியன் கிழிந்தது. இரண்டாம் நாள் எனக்குத்தான் கோபம் வந்தது, ஒரு உதை விட்டால் என்ன என்று கால் துறுதுறுத்தது. கக்கத்தில் திமிறிக்கொண்டிருந்த ஜீவனைவிட வெளியே இருந்தவனுக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது. ஐந்தாம் நாள் அதன் இதயம் என் விலாவில் படபடவென்று அடித்து, மெல்ல மெல்ல அடங்குவதை உணர்ந்தேன். கேம்ப் ரோட்டில் டீக்கடை வரை அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே நடந்தேன். ‘சார், என்ன ரேட்?’ என்று ஒருவர் கேட்டார்.

பதினாலாம் நாள் மறுபடி கூட்டம். என்னைப் பார்த்து அது இறக்கையைத் தாழ்த்தவில்லை. சிலிண்டர் போடுகிறவரைச் சும்மா விட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நான் நிமிர்ந்தபோது மெக்கானிக், “ஸ்கூல் பேக் மாட்டிக்கிட்டு ஒரு பையனை ஓடச் சொல்லுங்க” என்றார். எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் ஓடினான். அவ்வளவுதான். பக்கவாட்டில் திரும்பி, இறக்கை தரையில் உரச, கழுத்து விரிய...

“எல்லாச் சேவலும் முழுசா மாறாது சார். இது பாதி மாறியிருக்கு” என்றார். நான் அந்தம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வள்ளுவரும் உதவிக்கு வரவில்லை.

வழி சொன்னது ஆயா. வீட்டுப் பக்கச் சந்தில் கம்பி வலை போட்டுக் கதவு வைத்துப் பூட்டிவிடுகிறேன் என்றார். வலைக்குப் பாதிப் பணம் நான் கொடுத்தேன். செருப்பு நீட்டிய பையன்களின் வீட்டிலிருந்து யாரும் வாயைத் திறக்கவில்லை. “கதவைத் திறந்து போட்டுட்டா?” என்று கேட்டார் குழந்தையின் அம்மா. நியாயமான கேள்வி. ஆயா முந்தானையிலிருந்து புதுப் பூட்டின் சாவியை அவிழ்த்தார்.

“நீயே வெச்சுக்கம்மா. பசங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் நீயா வந்து தொறந்து விடு. உனக்கு இஷ்டமில்லன்னா தொறக்காத.”

முதல் ஒரு வாரம் திறக்கவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. அப்புறம் ஒருநாள் பத்து மணிக்கு அவர் இறங்கி வந்து, பூட்டைத் திறந்துவிட்டு, கேட்டுக்கு உள்ளே போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சேவல் வெளியே வந்து, ஒரு தடவை கூவிவிட்டு, ஆயாவின் இட்லிக் குண்டானடியில் சிந்தியதைப் பொறுக்கப் போனது.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. பத்து மணிக்குத் திறப்பது சில நாள் பத்தரை, பதினொன்று ஆகிவிடும், மீட்டிங் இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்குப் பூட்டுவது மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போனதில்லை.